நான் வெட்டி எடுத்த நாற்பது செக்கன்

"நீ ஜெபிக்கிறேல்லைப் பிள்ளை. நீ ஆண்டவருக்குப் பிழை திருத்திக் குடுக்கிறாய்."

ரூபி அன்ரி இதை என்னிடம் சொன்னது ஒரு புதன்கிழமை உபவாச ஜெபத்தில். அவர் முழங்காலில் நின்று கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தார். யோனத்தானைத் தவறுதலாகச் சவுலின் தம்பி என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த நான் மெதுவாக "மகன்" என்றேன். அவர் கண்ணைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி அப்படிச் சொன்னார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். படித்த பிள்ளையைக் கண்டால் இந்த அன்ரிக்குப் பொறுக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

விசுவாசத்தில் எனக்கு உறவானவர்களே, அந்த வார்த்தையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அவர் சொன்னது உண்மை.

என் பெயர் நிரோஷா. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது, கைநாட்டுத்தான் வைப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுமையாக முடித்த முதல் ஆள் நான். களனிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்தேன். இப்போது வெள்ளவத்தையில் ஒரு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். இதை நான் ஒருபோதும் அடக்கமாகச் சொன்னதில்லை.

எங்கள் சபை கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய களஞ்சியத்தின் மேல்மாடியில் கூடுகிறது. அதை ஆரம்பித்தவர் பாஸ்டர் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் கொழும்புக்கு வந்தவர். அவருடைய மனைவி இறந்தபின், மனைவியின் தங்கை ரூபி அன்ரிதான் அவரைப் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் சபையாரின் வாட்ஸ்அப் குழுவில் பாஸ்டர் ஐயாவின் குரல் வரும். வேதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம், ஒரு சிறு ஜெபம். எங்களில் பலர் அதைக் கேட்காமல் அடுப்பு மூட்டுவதில்லை.

அந்தக் குரலுக்குப் பின்னால் நான் இருந்தேன். இது சபைக்குத் தெரியாது. ரூபி அன்ரிதான் பதிவு செய்து அனுப்புகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வேலை முடிந்து வரும் வழியில் நான் ஐயாவின் வீட்டுக்குப் போவேன். என் போனை மேசையில் வைத்துப் பதிவு செய்வேன். தேவையில்லாததை வெட்டி, அன்ரியின் போனுக்கு அனுப்புவேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஐயா ஒரே வசனத்தை இரண்டு தரம் சொல்லத் தொடங்கினார். பிறகு பாதியில் நின்றார். பிறகு வசனமே வரவில்லை. நான் பழைய பதிவுகளிலிருந்து எடுத்து ஒட்டினேன். ஒரு நாளின் ஜெபம், இன்னொரு நாளின் ஆமென். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது என் திறமை என்று நினைத்தேன்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்க முடியவில்லை. அவருக்குப் பின் யார் என்ற கேள்வி சபைக்குள் வந்துவிட்டது. பாதிப் பேர் கனடாவில் இருக்கும் மகனை அழைக்க வேண்டும் என்றார்கள். பாதிப் பேர் உதவி ஊழியரான பிரதர் செல்வின் என்றார்கள். மேடையில் ஐயாவின் நாற்காலி இருக்கிறது. அவர் வராத நாளிலும் யாரும் அதில் உட்காருவதில்லை, அதன் கையில் பைபிளைக்கூட வைப்பதில்லை. இப்போது எல்லோருடைய கண்ணும் அந்த நாற்காலியின் மேல் இருந்தது.

நான் பிரதர் செல்வின் பக்கம். தான் பொறுப்புக்கு வந்தால் மாதத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கம் எனக்கு என்று அவர் சொல்லியிருந்தார். மூட்டை சுமந்தவரின் மகள் பிரசங்க மேடையில். அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அப்போது சனிக்கிழமை வாலிபர் வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் எது தெரியுமா? சவுலுக்குப் பின் தாவீது, தாவீதுக்குப் பின் சாலொமோன். பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினேன். தாவீதைக் கொல்லத் தேடிவந்த சவுல் ராஜா, தாவீது ஒளிந்திருந்த குகைக்குள் தனியாக வந்த இடத்தை நன்றாகவே சொன்னேன். அடுத்த ராஜா தான்தான் என்று தாவீதுக்குத் தெரியும். அவன் மேல் ஏற்கெனவே அபிஷேக எண்ணெய் ஊற்றியாயிற்று. கையில் வாள். எதிரில் சவுல், எந்தப் பாதுகாப்பும் இல்லாத நிலையில். ஆனால் தாவீது அவரைத் தொடவில்லை. சால்வையின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டான். அதற்கே அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஒரு பிள்ளை கேட்டாள். "துணியத்தானே டீச்சர் வெட்டினாரு. ஆள ஒண்ணும் செய்யலயே. அதுக்கு ஏன் நெஞ்சு அடிக்கணும்?"

அந்தக் காலத்தில் அங்கிதான் ராஜ அதிகாரத்தின் அடையாளம் என்று ஒரு பதில் சொன்னேன். புத்தகத்தில் இருந்த பதில். அவள் எழுதிக்கொண்டாள்.

போன வருடம் ஒக்டோபர் மாதம், மழை தொடங்கிய கிழமை. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நான் பதிவு செய்யப் போயிருந்தேன். ஐயா வாக்குத்தத்தத்தைத் தொடங்கினார். நின்றார். என்னைப் பார்த்து, இறந்துபோன தன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவருடைய முகம் சிறு பிள்ளையின் முகம்போல் ஆகிவிட்டது.

"எனக்கு எப்ப எண்ணெய் வைக்கப் போறாங்கள்?" என்று கேட்டார். "எல்லாரும் போயிட்டாங்களோ? என்னை மறந்து போனாங்களோ?"

பிறகு அழுதார். நான் போனின் திரையைப் பார்த்தேன். பிறகு, "ஐயா, திரும்ப முதல்ல இருந்து சொல்லுங்க" என்றேன். என் குரல் அப்படித்தான் இருந்தது, அலுவலகத்தில் கடிதம் கேட்பதுபோல. ரூபி அன்ரி ஓடிவந்து அவரைத் தேற்றினார். நான் தேநீர் போட அடுப்படிக்குப் போனேன். போன் மேசையில் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து, அவசரத்தில் முடிவைக்கூடச் சரிபார்க்காமல், அந்தப் பதிவில் நாற்பது செக்கனை வெட்டி எடுத்தேன். பிரதர் செல்வினுக்கு அனுப்பினேன். "ஜெபத்துக்காக மட்டும்" என்று எழுதினேன்.

நம்மில் எத்தனை பேர் அந்த இரண்டு சொற்களை எழுதியிருக்கிறோம்? ஒருவரின் நோயை, ஒருவரின் வீட்டுச் சண்டையை, ஒருவரின் மகள் யாரோடு போனாள் என்பதை. அந்தச் சொற்களை மேலே போட்டுவிட்டால் எதையும் அனுப்பலாம். நான் ஜெபத்துக்காக அனுப்பவில்லை. ஐயாவின் காலம் முடிந்தது என்பதற்குச் சாட்சியாக அனுப்பினேன். அனுப்பும்போதே அது எனக்குத் தெரியும்.

பிரதர் செல்வின் ஜெபக்குழுத் தலைவர்களுக்கு அனுப்பினார். ஜெபத்துக்காக மட்டும். அவர்கள் தங்கள் குழுக்களுக்கு. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் எனக்கு முன் இருந்த பெண்ணின் போனிலிருந்து அந்த அழுகை கேட்டது. மரக்கறிக் கடையில் கேட்டது. எங்கள் ஒழுங்கையில் ஒரு ஜன்னலுக்குள் கேட்டது. ஒவ்வொரு தடவையும் முடிவில் ஒரு பெண்ணின் குரல் வரும். திரும்ப முதல்ல இருந்து சொல்லுங்க. முதல் தடவை அது யார் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு குளிர்ந்த குரல்.

பழி ரூபி அன்ரியின் மேல் விழுந்தது. அவருடைய போன்தான் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அந்தக் குரலும் அவருடையது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவரோடு யாரும் கதைக்கவில்லை. அவர் பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பதிவு செய்வது நான் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. நான் நோட்டீஸ் வாசித்துவிட்டு இறங்கி வந்தேன். அவரைக் கடந்து போனேன். மேடையில் ஐயாவின் நாற்காலியை யாரோ சுவர் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை மதியத்துக்கு முன் அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. பாஸ்டர் ஐயாவைக் காணவில்லை.

நடந்ததைப் பிறகு அன்ரி சொன்னார். காலையில் சபையாரில் ஒருவர் பார்க்க வந்திருக்கிறார். ஐயாவிடமே அந்தக் குரலைப் போட்டுக் காட்டி, இது உண்மையா என்று கேட்டிருக்கிறார். ஐயா முழுவதையும் கவனமாகக் கேட்டாராம். பிறகு கேட்டாராம்:

"ஆர் இந்த மனிசன்? பாவம். நாங்கள் போய் ஜெபிப்பம்."

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போய்விட்டார். அன்ரி சோறு வைக்க உள்ளே போன நேரத்தில் ஐயா வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். அழுகிற மனிதனைத் தேடி. ஒரு வருடமாகத் தனியாக வாசலைத் தாண்டாதவர்.

தேடினோம். கோயில்கள், சந்தை, பஸ் நிறுத்தங்கள், துறைமுகப் பக்கம். பொலிசில் முறைப்பாடு எழுதினோம். சிங்களத்தில் அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. உயரம், நிறம், கண்ணாடி. பேசுவாரா என்று கேட்டார்கள். ஜெபிப்பார் என்றேன். மழை பிடித்துக்கொண்டது. பின்னேரம் மூன்று மணிக்கு உடுப்பு நனைந்து வீட்டுக்கு வந்தேன். எங்கே பார்த்தாலும் தண்ணீர். அந்தத் தண்ணீரில் எங்கோ அவர் இருக்கிறார்.

முழங்காலில் விழுந்தேன். எனக்கு நன்றாக ஜெபிக்க வரும். இலக்கணப் பிழை இல்லாமல், வசன ஆதாரத்தோடு. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்தால் என் காதில் கேட்டது அந்தப் பெண்ணின் குரல்தான். கடைசியில் வந்தது ஒரே வார்த்தை. "நான்தான்." அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நான்தான் ஆண்டவரே. நான்தான். அவரை மட்டும் எடுத்துவிடாதேயும்.

அம்மா கதவருகில் நின்றிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாதபடியால் வேதமும் செய்தியும் எல்லாம் போனில் வரும் குரல்தான். அந்த நாற்பது செக்கன் அவருக்கும் வந்திருந்தது.

"கடசில பேசுறது நீதானே" என்றார். "ஒன் கொரல் எனக்குத் தெரியாதா? மூணு நாளா நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."



"மிச்சம் எங்க?" என்றார் அம்மா. "அவரு வேற என்னா சொன்னாரு? பாதியக் கேட்டுட்டு எப்புடிப் புள்ள ஜெபிக்கிறது?"

என் ஜெபத்துக்கு வந்த பதில் அதுதான். வானத்திலிருந்து சத்தம் வரவில்லை. கைநாட்டு வைக்கிற என் அம்மாவின் வாயிலிருந்து வந்தது.

மிச்சம் என் போனில் இருந்தது. பதினொரு நிமிடப் பதிவு. எனக்குத் தேவையான துண்டு கிடைத்ததும் மற்றதை நான் கேட்கவே இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார, போட்டேன். அழுகை. அன்ரி தேற்றுவது. பிறகு அமைதி, அன்ரி அடுப்படிக்கு வந்திருக்க வேண்டும். பிறகு ஐயா, யாரும் இல்லாத அறையில், மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளவத்தைக்குப் போக வேணும். கால்வாய்க்கு அடுத்த ஒழுங்கை. கடற்பக்கம் கடைசி வீடு. மாடியிலை கூட்டம். தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கால் கழுவீட்டு வரச் சொன்னவை. எண்ணெய் வைக்க முதல் கால் கழுவ வேணும்." இளம் வயதில் ஊழியத்துக்கு அபிஷேகம் பெற்ற நாளுக்குள் அவர் திரும்பிப் போயிருந்தார்.

ரூபி அன்ரியின் வீட்டுக்கு ஓடினேன். த்ரீவீலரில் ஏறியதும் சொன்னேன். பதிவு என்னுடையது, வெட்டியது நான், அனுப்பியது நான், குரல் என்னுடையது. அன்ரி சாரதியை வேகமாகப் போகச் சொன்னார்.

"முதலிலை ஆளைக் கண்டுபிடி" என்றார். "பிறகு உன்னோடை கதைக்கிறன்."

கால்வாய்க்கு அடுத்த ஒழுங்கை என் அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிட நடை. நான் கொட்டாஞ்சேனை முழுக்கத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் எந்த பஸ்ஸில் ஏறினாரோ தெரியாது, என் மேசைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறார். கடைசி வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் பெரிய மாடிக் குடியிருப்பு. வாசலில் காவலாளியின் சின்னக் கூடு. அதற்குள் இருந்த ஒரே நாற்காலியில் பாஸ்டர் ஐயா உட்கார்ந்திருந்தார். மேலே காவலாளியின் மழைக்கோட்டு. அதற்கு மேலே இடுப்பில் கட்டும் ஒரு சாரம், ஒரு பழைய திரைச்சீலை. அவ்வளவும் போர்த்தியும் நடுங்கிக்கொண்டிருந்தார். காவலாளி அவருக்கு முன்னால் தரையில் குந்தியிருந்தார். ஐயாவின் கை அவர் தலையின் மேல் இருந்தது.

அந்தக் காவலாளி ஒரு சிங்களவர், பௌத்தர், ஐம்பது வயது இருக்கும். தண்டவாளத்துப் பக்கம் இறங்கிய கிழவரைக் கண்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்ததாகச் சொன்னார். பிடித்துக்கொண்டு நிற்கும்போதே ரயில் போயிற்றாம். அதற்குப் பிறகு ஐயா அவர் தலையில் கை வைத்து ஏதோ ஜெபிக்கத் தொடங்கியிருக்கிறார். ஒரு சொல்லும் அவருக்கு விளங்கவில்லை. ஏன் அப்படியே இருந்தீர்கள் என்று கேட்டேன். சீயா, அதாவது தாத்தா, யாரையோ தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், அந்த ஆளைக் காணாமல் திரும்பிப் போகக் கூடாது என்று நினைத்தேன் என்றார்.

ஐயாவுக்கு நெஞ்சுச் சளி பிடித்துப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். கர்த்தருக்கே மகிமை. நினைவு திரும்பவில்லை. அதைக் கூட்டிச் சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. நான் கேட்டது உயிரை. உயிரைக் கொடுத்தார்.

அந்தப் பத்து நாளும் வேதத்தில் அந்த ராஜாக்களின் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அறுத்த துண்டைத் தாவீது தூக்கிக் காட்டினான். அதற்குப் பிறகு அந்தத் துண்டுக்கு என்ன ஆனது? எங்கேயும் இல்லை. சவுல் திருப்பிக் கேட்டதாக இல்லை. தாவீது எறிந்ததாகவும் இல்லை. பிறகு தாவீதின் கடைசிக் காலத்துக்கு வந்தேன். தாவீது கிழவராகிவிட்டார். எத்தனை துணி போர்த்தினாலும் சூடு பிடிக்கவில்லை. பக்கத்து அறைகளில் அடுத்த ராஜா யார் என்று ஓடித் திரிகிறார்கள். படுக்கையில் அவர் குளிரில் நடுங்குகிறார். பல தடவை பாடம் எடுத்த பகுதி. அன்றைக்குத்தான் காவலாளியின் கூடு என் கண் முன் வந்தது. துணியை அறுத்த மனிதனுக்குத் துணி சூடு தரவில்லை. இது என் கருத்துத்தான், போதனை அல்ல. ஆனால் அன்றிலிருந்து எனக்கும் ஒரு குளிர் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அந்தப் பிள்ளையிடம், நான் சொன்ன பதிலை அழித்துவிடு என்றேன். ஒரு மனிதன் பார்க்காத நேரத்தில் அவனிடமிருந்து எடுத்தது எதுவாக இருந்தாலும் நெஞ்சு அடிக்கும் என்றேன்.

அதற்கடுத்த நாள் சபைக் குழுவுக்கு என் குரலில் ஒரு செய்தி அனுப்பினேன். எழுதவில்லை, அம்மாவைப் போன்றவர்களும் கேட்க வேண்டும். என் பெயரைச் சொல்லி, செய்ததைச் சொல்லி, ரூபி அன்ரியிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு வெட்டும் இல்லாமல் அனுப்பினேன். சிலர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிரதர் செல்வின் ஒரு நாள் வந்து, "நானும்தான் சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாற்காலியைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்து வைத்தது அவர்தான். ஞாயிறுகளில் ஐயாவை அதில் உட்கார வைக்கிறோம். வசனம் வராது. ஆனால் ஆராதனையின் முடிவில் தானாக எழுந்து ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்குவார். அப்போது சபை முழுவதும் எழுந்து நிற்கிறது. அவருக்குப் பின் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. அவர் இருக்கும்வரை கேட்பதில்லை என்று மட்டும் முடிவாகியிருக்கிறது.

ஒன்று மிச்சம் இருந்தது. ஐயாவிடமே சொல்ல வேண்டும். போய்ச் சொன்னேன். மன்னித்தார், என் தலையில் கை வைத்தார். அடுத்த கிழமை அவருக்கு எதுவும் நினைவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடி மன்னித்தார். மூன்றாம் தரம் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "என்ரை அழுகையை ஊருக்குக் குடுத்தனியோ?" என்று கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரூபி அன்ரி என்னை வெளியே கூட்டிவந்தார். அன்று த்ரீவீலரில் சொன்னபடி, என்னோடு கதைத்தார்.

"ஒவ்வொரு முறையும் உனக்குப் பாரம் இறங்குது. அவருக்குப் புதுசா ஏறுது. இனிச் சொல்லாதை. நீயே வச்சுக்கொள். சனிக்கிழமை வா, வந்து அவருக்குச் சோறு தீத்து."

அன்பானவர்களே, உங்கள் கையிலும் யாருடையதோ ஒரு துண்டு இருக்கலாம். ஜெபத்துக்காக மட்டும் என்று வந்தது, அல்லது நீங்களே எடுத்தது. அனுப்பாதீர்கள். அந்த மனிதரிடம் போங்கள். வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. பிழை திருத்தாத ஒரு வார்த்தையைக் கர்த்தர் கேட்டார், எனக்கு நடந்தது. உங்களுடையதையும் கேட்பார், நம்புங்கள். பதில் நீங்கள் மதிக்காத ஒருவரின் வாயிலிருந்து வரக்கூடும்.

கடந்த சனிக்கிழமை போனேன். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அன்ரி சோற்றையும் பருப்பையும் குழைத்துக் கோப்பையை என் கையில் தந்தார். ஐயா என்னைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை நீ?"

"உங்களுக்குச் சோறு ஊட்ட வந்திருக்கேன் ஐயா."

வாயைத் திறந்தார்.